மறைந்து வாழும் கம்புள்

பறவைகளுள் சில தம் நிறத்தால் நம் கண்ணைக் கவர்கின்றன. சில தம் குரலால் நம் செவியைக் கவர்கின்றன. மயில் தோகை விரித்தால் வழிச்செல்வோனும் நின்று பார்க்கிறான். குயில் கூவினால் வேலையில் மூழ்கியிருப்பவனும் ஒரு கணம் தலை நிமிர்கிறான். காகமும் மைனாவும் சிட்டும் நம் முற்றத்திலேயே வாழ்ந்து, வீட்டாருள் ஒருவர் போலவே ஆகிவிட்டன. ஆயின், நம் ஊர்க் குளக்கரையிலேயே பிறந்து, அங்கேயே இரை தேடி, அங்கேயே குஞ்சு பொரித்து, நம் கண்ணுக்கு மட்டும் எளிதில் அகப்படாமல் வாழும் பறவையும் ஒன்று உண்டு. அதன் குரலைக் கேளாத நீர்வளமுள்ள சிற்றூர் அரிது. அதனை நின்று நிதானித்துக் கண்டவரும் அரியர். மேகம் கவிந்த மாலையில் குளக்கரைப் புதருக்குள்ளிருந்து எழும் அதன் ஓசையைத் தவளையின் ஓசை என்று கருதுவாரும் உளர். அப்பறவையே கம்புள்.

இக்காலத்தில் இதனைச் சம்பங்கோழி என்றும் கானாங்கோழி என்றும் மக்கள் வழங்குகின்றனர். பறவை நூலார் வெண்மார்புக் கானாங்கோழி என்பர். கோழி என்று பெயர் பெற்றிருப்பினும் நம் வீட்டுக் கோழிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. வடநாட்டு வயல்களில் ஆளுயரத்திற்கு நிமிர்ந்து உலவும் சாரசப் பறவை எவ்வரிசையைச் சேர்ந்ததோ, அவ்வரிசையையே இச்சிறு பறவையும் சேர்ந்தது. நம் ஏரிகளில் நீந்தும் நாமக்கோழியும், தாழைக்கோழியும், நீலத் தாழைக்கோழியும் இதன் நெருங்கிய சுற்றத்தார். அவை பெரும்பாலும் திறந்த நீர்ப்பரப்பிலே காட்சி தருவன. கம்புளோ கரையோரப் புதரையே தன் வீடாகக் கொண்டது.

இப்பறவை நம் இலக்கியத்திற்குப் புதியது அன்று. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியைப் பாடிய ஓரம்போகியார் கம்புளின் வெண்மையான நெற்றியையும், அதன் பேடையினது கரகரத்த குரலையும் குறித்துள்ளார். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் மருதநிலத்தின் வளத்தைக் கூறுமிடத்து, மீன் பிடிப்பவர் வள்ளைக் கொடியை விலக்கிக்கொண்டு நீரில் இறங்க, அங்கே உறங்கிக்கொண்டிருந்த கம்புட் சேவல் துயில் கலைந்து ஓடுவதைக் காட்டுகிறார். நெற்றி வெண்மை, குரல் கரகரப்பு, கொடியடர்ந்த நீரோரம் உறைவிடம் ஆகிய மூன்றும் இன்றும் இப்பறவைக்குப் பொருந்துவன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கண்டு சொன்னதை இன்று நாம் குளக்கரையில் நின்று சரிபார்க்க முடிகிறது என்பது எத்துணை வியப்புக்குரியது!

பழைய நூல்களில் ஒரு மரத்தின் பெயரோ பறவையின் பெயரோ வந்தால், "ஒருவகை மரம்", "ஒருவகைப் பறவை" என்று பொருள் கூறி மேலே செல்வது பலருடைய வழக்கம். எனக்குப் பாடஞ்சொன்ன ஆசிரியர் அவ்வாறு செய்வதில்லை. மதுரைக்காஞ்சியில் கம்புள் வந்த அன்று, அவர் சுவடியைக் கட்டுவதுபோல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "பிள்ளைகளே, நாளை விடியுமுன் பெரிய குளத்தின் மேலைக்கரைக்கு வாருங்கள். வருபவர் பேசலாகாது, வெள்ளை வேட்டி உடுத்தலாகாது" என்றார்.

மறுநாள் நாங்கள் ஐவர் சென்றோம். தாழம்புதருக்குச் சற்றுத் தொலைவில் வரப்பின் சரிவில் எங்களை அமரச் செய்தார். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. கொசு கடித்தது, கால் மரத்தது. எங்களுள் ஒருவன் எழ முயன்றபொழுது ஆசிரியர் அவன் தோளை மெல்ல அழுத்தி அமர்த்தினார். அந்நேரத்தில் கோரைப்புல்லின் அடியிலிருந்து வெண்மையாக ஏதோ ஒன்று தோன்றியது. ஓரடி வைத்தது, நின்றது, வாலை மேல்நோக்கி வெட்டியது, மீண்டும் ஓரடி வைத்தது. நாங்கள் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது சட்டெனத் திரும்பியது. மறுகணம் அவ்விடத்தில் நிழலைத் தவிர வேறொன்றும் இல்லை.

"கண்டீர்களா?" என்றார் ஆசிரியர்.

"கண்டோம், ஐயா. ஆனால் எங்கே போயிற்று என்று தெரியவில்லை" என்றோம்.

"அதுதான் கம்புள். போன வழி தெரியாமையே அதன் இயல்பு. இனி அச்சொல்லை நீங்கள் மறக்கமாட்டீர்கள்" என்றார் அவர்.

அவர் கூறியது மெய்யாயிற்று. அதன்பின் நான் ஆசிரியனாகிப் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்ற பின்னரும், அப்பறவையைக் காணக் குளக்கரைக்குச் செல்லும் வழக்கத்தை விட்டேனல்லேன். அங்ஙனம் கண்டவற்றையும், கற்றோர் நூல்களில் படித்தறிந்தவற்றையும் இங்கே கூறுகிறேன்.

கம்புள் ஏறத்தாழக் கௌதாரியின் பருமன் உடையது. அலகு நுனி முதல் வால் நுனி வரை அளந்தால் முப்பது சென்டிமீட்டருக்குச் சற்று மிகும். முகமும், தொண்டையும், மார்பும், வயிற்றின் பெரும்பகுதியும் தூய வெண்மை. முதுகும் சிறகும் கருஞ்சாம்பல் நிறம். குட்டையான வாலின் அடிப்புறம் மட்டும் செங்காவி தோய்த்தது போன்றிருக்கும். அலகு பசுமை கலந்த மஞ்சள் நிறம். அதன் அடியில் சிறிது சிவப்பு. சேவலுக்கும் பேடைக்கும் தோற்றத்தில் வேறுபாடு காண்பது அரிது.

இவ்வண்ணங்களில் ஒரு நுட்பம் உண்டு. அது நம்மை நோக்கி நிற்கும்பொழுது அதன் வெண்மை தொலைவிலிருந்தே தெரியும். முதுகைக் காட்டித் திரும்பிய அளவில் அவ்வெண்மை முழுதும் மறைந்து, புதரின் நிழலும் பறவையின் முதுகும் ஒரே நிறமாகிவிடுகின்றன. அன்று எங்கள் கண்ணெதிரே அது மாயமாய் மறைந்ததன் காரணம் இதுவே.

உடலமைப்பும் மறைந்து வாழ்தற்கென்றே வகுத்தது போன்றது. பக்கவாட்டில் இருபுறமும் அழுத்தினாற்போல் ஒடுங்கிய உடல், நெருங்கி வளர்ந்த நாணல்களின் இடையே தண்டு அசையாமல் புகுந்து செல்ல உதவுகிறது. கால்விரல்கள் மிக நீண்டவை. அவை உடலின் எடையைப் பரப்பி வைப்பதால், சேற்றிலும், நீர்மேல் மிதக்கும் கொடியிலும் அது அழுந்தாமல் நடக்கிறது. சிறகுகள் குறுகி வட்டமாயிருத்தலின் பறப்பதில் அதற்கு விருப்பம் குறைவு. துன்புறுத்தினால் கால்கள் தொங்கச் சிறிது தூரம் பறந்து, அடுத்த புதரில் விழுந்து, மீண்டும் ஓடத் தொடங்கும். புழு, பூச்சி, நத்தை, சிறுமீன், புல்லின் விதை, இளந்தளிர் ஆகியன அதன் உணவு. வைகறையிலும் அந்தியிலும் புதரைவிட்டு ஓரிரண்டு பாகம் வெளியே வந்து மேயும். இலை ஒன்று உதிர்ந்தாலும் உள்ளே ஓடிவிடும்.

ஆண்டின் பெரும்பகுதி ஊமைபோல் வாழும் இப்பறவை, மழைக்காலம் வந்ததும் வாய் திறக்கிறது. வாய் திறந்தபின் எளிதில் மூடுவதில்லை. முதலில் தொண்டையைக் கனைப்பது போலவும், உறுமுவது போலவும் சில ஓசைகள் எழும். பிறகு "குவக்... குவக்... குவக்" என்று ஒரே சீராகக் கால் மணி நேரமும் அதற்கு மேலும் கூவும். மப்பும் மந்தாரமுமான நாளில் பகலெல்லாம் கூவும். சில வேளைகளில் நள்ளிரவிலும் கூவும். இனிமை என்று அக்குரலைச் சொல்ல இயலாது. ஆயினும் கால்வாயில் புதுநீர் வந்துவிட்டது என்பதையும், வயலில் உழவு தொடங்கும் என்பதையும் உணர்ந்த உழவர்க்கு அஃது இன்னிசையே. ஒளிந்து வாழும் பறவைக்கு உரத்த குரல் எதற்கு என்று கேட்கலாம். ஒருவரையொருவர் காண இயலாத அடர்ந்த புதரில், இணையை அழைப்பதற்கும், இஃது என் எல்லை என்று பிறர்க்கு அறிவிப்பதற்கும் குரலன்றி வேறு கருவி ஏது?

நாட்டின் பெரும்பகுதியில் ஆனி முதல் ஐப்பசி வரை இது கூடு கட்டும். மழை பெய்யும் காலத்திற்கேற்ப இடந்தோறும் இது வேறுபடும். நீரோரப் புதரிலோ, பின்னிக் கிடக்கும் கொடியிலோ, சுள்ளியையும் கொடித்தண்டையும் கொண்டு ஆழமில்லாத தட்டுப்போல் கூட்டினை அமைக்கும். இளஞ்சிவப்புச் சாயலுடைய வெண்ணிற முட்டைகள் ஆறு அல்லது ஏழு இடும். அவற்றின்மேல் செம்பழுப்பு நிறத்தில் கீற்றும் புள்ளியும் காணப்படும். தாயும் தந்தையும் முறைவைத்து அடைகாக்கும். மூன்று வாரத்திற்குச் சற்றுக் குறைந்த காலத்தில் குஞ்சுகள் வெளிவரும். வெண்மார்புடைய பெற்றோர்க்குப் பிறந்த அக்குஞ்சுகள் கரித்துண்டு போல் முழுதும் கருமையாயிருத்தல் காண்போர்க்கு வியப்பளிக்கும். அவை கூட்டில் கிடந்து வளர்வதில்லை. பிறந்து சிறிது காலத்திற்குள் கூட்டைவிட்டு இறங்கித் தாயின் பின்னே ஓடத் தொடங்கிவிடும். இருண்ட புதரடியில் கருநிறமே அவற்றுக்குப் பாதுகாப்பு.

இலங்கையிலிருந்து கிடைத்த பறவையை ஆராய்ந்து, தாமஸ் பென்னன்ட் என்னும் வேல்ஸ் நாட்டு இயற்கை நூலார் 1769ஆம் ஆண்டில் இதற்கு அறிவியல் முறையில் பெயர் சூட்டினார். அவர் அளித்த கிரேக்கச் சொல்லுக்குச் செவ்வால் என்பது பொருள். நம் புலவர் நெற்றியின் வெண்மையைக் கண்டு பாடினார். அவ்வறிஞர் வாலடியின் செம்மையைக் கண்டு பெயரிட்டார். முன்னே வரும்பொழுது கண்டவர் ஒருவர். ஓடும்பொழுது கண்டவர் மற்றொருவர் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது. கம்பு என்பது சங்கினைக் குறிக்கும் சொல்லாதலின், சங்கு போன்ற வெண்மையால் கம்புள் எனப் பெயர் வந்தது என்று கூறவும் ஆசை எழுகிறது. ஆயின் ஒலி ஒத்திருப்பது மட்டுமே ஒரு சொல்லின் வரலாற்றுக்குச் சான்றாகாது. எனவே அவ்வாசையை அடக்கிக்கொள்வதே முறை.

இந்தியா, இலங்கை தொடங்கித் தென்சீனம், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுகள் வரை கம்புள் பரவியுள்ளது. இக்குடும்பத்துப் பறவைகள் எல்லாமே குளக்கரையில் வாழ்வன அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில், சருகு மூடிய ஈரத்தரையில், தலையும் மார்பும் செம்பழுப்பாகவும் வயிறு கருமையும் வெண்மையும் கலந்த வரிகளாகவும் உள்ள இனம் ஒன்று வாழ்கிறது. காட்டில் பழகியவர் கண்ணுக்கும் அது தென்படுவது அருமை. நடப்பதையே விரும்பும் அச்சிறு பறவை, குளிர்காலத்தில் கடலைக் கடந்து இலங்கைக்குச் செல்கிறது. பறக்க விரும்பாமை வேறு, பறக்க இயலாமை வேறு என்பதை அதனிடமிருந்து நாம் அறியலாம்.

இனி, இப்பறவைகள் இவ்வாறு அஞ்சி ஒளிவது ஏன் என்னும் வினா எழுகிறது. தரையில் வாழும் சிற்றுயிர்க்குப் பகை மிகுதி. கீரியும் பூனையும் பாம்பும் கீழே காத்திருக்கின்றன. வல்லூறு மேலே வட்டமிடுகிறது. ஒளியாத பறவை நெடுநாள் வாழாது. ஒளியும் இயல்பு இழந்தால் என்ன நேரும் என்பதற்குத் தொலைவிலுள்ள தீவு ஒன்றின் வரலாறு சான்று பகர்கிறது.

பசிபிக் பெருங்கடலில் குவாம் என்னும் தீவு உளது. கம்புளின் உறவினமாகிய ஒரு பறவை அங்கே வாழ்ந்தது. வேட்டையாடும் விலங்கு இல்லாத அத்தீவில் பறந்து தப்ப வேண்டிய தேவை இல்லாமையால், தலைமுறை தலைமுறையாக அதன் சிறகு வலியிழந்து, பறக்க இயலாததாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்க் கப்பல் சரக்குகளோடு பழுப்பு நிறப் பாம்பு ஒன்று அத்தீவை வந்தடைந்து பல்கிப் பெருகியது. பகையை அறியாத பறவைகள் ஒவ்வோரினமாக அழிந்தன. 1980களில் எஞ்சியிருந்த சிலவற்றை அறிஞர் பிடித்துப் பேணி, கூண்டில் இனம்பெருக்கினர். பின்னர் பாம்பில்லாத அண்டைத் தீவுகளில் அவற்றை விடுவித்தனர். இயற்கையில் அற்றுப்போனது என்று எழுதப்பட்ட அவ்வினத்தின் நிலை, 2019ஆம் ஆண்டில், அற்றுப்போகும் பேரிடரில் உள்ளது என மாற்றி எழுதப்பட்டது. ஒருமுறை அழிந்ததாக எழுதப்பட்ட ஏட்டில் உயிருள்ளதாக மீண்டும் எழுதப்படும் பேறு மிகச் சில உயிர்களுக்கே வாய்த்தது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு பறவை நியூசீலாந்தின் டாக்கஹே. நீல நிறமும், தடித்த சிவந்த அலகும் உடையது. அதுவும் பறக்க இயலாதது. 1898ஆம் ஆண்டிற்குப் பின் அது யார் கைக்கும் அகப்படாமையால் அற்றுப்போயிற்று என்றே பலரும் எண்ணினர். ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. ஓர்பெல் என்னும் மருத்துவர் மனந்தளராமல் மலைப்பகுதியில் தேடி, 1948ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அதனை உயிரோடு கண்டார். உலகம் இறந்ததெனக் கைவிட்ட பறவை, மனிதர் செல்லாத பள்ளத்தாக்கின் புல்வெளியில் அரைநூற்றாண்டு அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தது! மறைவிடம் ஒன்று எஞ்சியிருந்தமையால் அன்றோ அது பிழைத்தது?

குவாம் தீவின் பறவை தன் மறைவை இழந்து கெட்டது. டாக்கஹே மறைவிடம் இருந்தமையால் உய்ந்தது. எனவே மறைந்து வாழும் உயிர்க்கு மறைவிடமே உயிர். இவ்வுண்மையை நான் நூலில் படித்ததோடன்றி, என் ஊரிலும் கண்டேன்.

எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனத்தைச் சேர்ந்தது. குளத்தைத் தூர்வார வேண்டும் என்று ஊரார் நெடுநாளாகக் கேட்டு வந்தனர். அவ்விருப்பம் முற்றும் நியாயமானது. வண்டல் படிந்து குளம் மேடிட்டிருந்தது. ஆகாயத்தாமரை நீரை மூடியிருந்தது. சீமைக்கருவேல் கரையை வளைத்துக்கொண்டிருந்தது. கடைமடை வயலுக்கு நீர் எட்டவில்லை. முற்காலத்தில் குடிமராமத்து என்னும் முறைப்படி, கோடையில் வீட்டுக்கு ஓராள் வந்து வண்டலை அள்ளி வயலுக்கு இட்டுச் செல்வர். குளமும் ஆழமாகும், வயலும் உரம் பெறும். இம்முறை வேலை காலந்தாழ்ந்தது. கோடையில் குளத்தின் நடுப்பகுதி முடிந்தது. கரையைச் செப்பனிடும் பணி ஆடி மாதத்தில்தான் தொடங்கியது. மேலைக்கரைத் தாழம்புதரில் கம்புள் அடைகாத்துக்கொண்டிருந்தது. கூட்டில் ஆறு முட்டைகள் இருந்தன.

மண்வெட்டும் பொறி கரையில் ஏறிய அன்று நான் அங்கே சென்றேன். அதனை ஓட்டி வந்தவர் இளைஞர், பணிவுடையவர்.

"தம்பி, இந்தப் புதரை மட்டும் விட்டுவிட முடியுமா? உள்ளே பறவை அடைகாக்கிறது" என்றேன்.

"எனக்கென்ன, ஐயா? ஊரார் சொன்னால் விட்டுவிடுகிறேன். புதர் இருந்தால் பாம்பு சேரும் என்று சொல்கிறார்கள்" என்றார் அவர்.

அங்கே குடத்தோடு நின்ற மூதாட்டி ஒருவர், "சாமி, பறவைக்குப் பரிந்து பேசுகிறீர்கள். எங்கள் பிள்ளைகள் இந்தப் படித்துறையில்தானே இறங்குகிறார்கள்? போன ஆண்டு ஒருத்தியைப் பாம்பு கடித்ததை மறந்துவிட்டீர்களா?" என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை. பறவையின் உயிர் பெரிதென்று சொல்லிக் குழந்தையின் உயிரைச் சிறிதாக்குவது அறமாகாது. "ஆச்சி, நீங்கள் சொல்வது உண்மை. படித்துறையை ஒட்டிய புதரை முழுவதும் எடுத்துவிடட்டும். சீமைக்கருவேலையும் வேரோடு எடுக்கட்டும். மேலைக்கோடியில் யாரும் இறங்குவதில்லையே. அந்தத் தாழையை விட்டால் போதும். அதன் வேர் கரை மண்ணையும் பிடித்து நிறுத்தும்" என்றேன்.

அன்று மாலை ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினர். கரை முழுவதும் கல் பதித்து ஒரே சீராக்கினால் அழகாயிருக்கும் என்றார் ஒருவர். முன்பு அப்படிக் கல் பதிக்காத இடத்தில் அலை கரையை அரித்ததை எடுத்துச் சொன்னார் மற்றொருவர். தாழை நின்ற இடத்தில் மட்டும் கரை ஒருபோதும் உடைந்ததில்லை என்பதை நீர்பாய்ச்சும் முதியவர் நினைவூட்டினார். பறவைக்காக அன்று, கரைக்காகவே மேலைக்கோடியின் தாழையை விடுவதென்று முடிவாயிற்று. காரணம் எதுவாயினும் புதர் நின்றது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, கருமையான சிறு உருண்டைகள் ஆறும் தாயின் பின்னே வரிசையாகக் கோரைக்குள் ஓடியதைக் கண்டேன்.

ஆயினும் முழு மகிழ்ச்சிக்கு இடமில்லை. கீழைக்கரையிலும் வடகரையிலும் முன்னர்க் கேட்ட குரல்கள் அடுத்த ஆண்டு மழையில் கேட்கவில்லை. அங்கே கல் பதித்த கரை வெயிலில் பளிச்சிடுகிறது. நடப்பதற்கு வசதியாகவும் உள்ளது. குளத்தில் நீர் நிறைந்திருக்கிறது, கடைமடைக்கும் பாய்கிறது. ஆனால் அக்கரைகளில் கம்புள் ஒளிவதற்கு ஒரு கோரைப்புல்லும் இல்லை. நீர் உண்டு, இரை உண்டு, மறைவு இல்லை; ஆகவே பறவையும் இல்லை. அதனை யாரும் கல்லெறிந்து விரட்டவில்லை, வலைவீசிப் பிடிக்கவுமில்லை. அதன் வீட்டை மட்டும் எடுத்துவிட்டோம்.

கண்ணுக்குத் தெரிபவற்றைக் காப்பதில் நம் நாட்டார் பின்தங்கியவர் அல்லர். வேடந்தாங்கல் ஏரிக்கு ஆண்டுதோறும் வந்து மரங்களில் கூடுகட்டும் பறவைகளை அவ்வூர் மக்கள் வழிவழியாகக் காத்து வந்தனர். பறவைகளைச் சுடுவோரைத் தடுக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் 1798ஆம் ஆண்டில் அவர்களுக்கு உரிமைச் சாசனம் அளித்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அம்மக்கள் நன்குணர்ந்திருந்தனர். நம் காலத்தில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதைக் குற்றமாக்கியது. வேடந்தாங்கலும், சென்னையை அடுத்த பள்ளிக்கரணைச் சதுப்பும் 2022ஆம் ஆண்டில் உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றன. இவையெல்லாம் போற்றத்தக்கன.

ஆயின் ஆயிரக்கணக்கான பறவைகள் வெள்ளை வெளேரென்று மரத்தில் அமர்ந்திருந்தால் யாவரும் காண்பர், கண்டவர் காப்பர். நம் ஊர்க் குளத்தின் மூலையில், ஒரு தாழம்புதரின் அடியில், ஒரே ஓர் இணை ஒளிந்து வாழ்வதை யார் காண்பார்? எப்பட்டியலிலும் இடம்பெறாத சிறு குளங்களும், வாய்க்கால் ஓரங்களும், வயல்வரப்பின் கோரைத்திட்டுகளுமே கம்புளின் நாடு. அவற்றை நாம் வெறும்புதர் என்கிறோம். வீண் இடம் என்கிறோம். துப்புரவு செய்யவேண்டும் என்கிறோம். துப்புரவு நல்லதே. எனினும் எதை நீக்குவது, எதை விடுவது, எம்மாதத்தில் நீக்குவது என்று ஆராயாமல் செய்யும் துப்புரவு, வீட்டைப் பெருக்குகிறோம் என்று தொட்டிலையும் சேர்த்து வெளியே எறிவதை ஒக்கும்.

மாணவச் செல்வங்களே! கம்புளைக் காணவேண்டும் என்று உங்களுக்கு ஆவல் எழுமாயின், அதற்குப் பொருள் ஒன்றும் செலவிட வேண்டியதில்லை. மழை பெய்து ஓய்ந்த நாளில் உங்கள் ஊர் நீர்நிலையின் கரையில், பெரியவர் ஒருவர் துணையோடு, பேசாமல் அமர்ந்திருங்கள். புதரைக் கலைக்காதீர்கள், கூட்டைத் தேடாதீர்கள். முதலில் உங்கள் செவி அறியும். பிறகே கண் அறியும். ஒருநாளில் காணாவிடின் மறுநாளும் செல்லுங்கள். பொறுமையோடு காத்திருப்பவனுக்கே அப்பறவை தன்னைக் காட்டுகிறது. நல்ல நூலும் அத்தகையதே. விரைந்து புரட்டுவோனுக்குச் சொல் மட்டும் தெரிகிறது. அமர்ந்து பயில்வோனுக்கே பொருள் புலனாகிறது.

திருவள்ளுவர் ஐம்பொறிகளை அடக்குவதற்கு ஆமையை உவமையாகக் காட்டினார். ஓட்டினுள் அடங்கும் ஆமைக்கு ஓடு அதன் உடலோடு பிறந்தது. அதனை எவரும் எளிதில் பறிக்க இயலாது. கம்புளின் ஓடோ புதர். அஃது அதன் உடலில் இல்லை, நம் கரையில் இருக்கிறது. அதனை வைப்பதும் எடுப்பதும் நம் கையில் உள்ளன. சங்கப் புலவர் காலந்தொட்டு இன்றுவரை நீங்காமல் இந்நாட்டு நீரோரத்தில் குடியிருந்து வரும் ஒரு குடும்பம், நம்மிடம் வேண்டுவது நிலமும் அன்று, உணவும் அன்று. தன்னைப் பிறர் காணாதபடி நின்று வாழ ஒரு சிறிது நிழலே. அதனை மறுக்கும் அளவுக்கு நாம் வறியவர் ஆகிவிடவில்லை.